முருங்கைப் போத்துக்கு ஒரு டிக்கெட்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இன்று தஞ்சாவூரில் என் பெயரில் ஒன்பது வீடுகள் வாடகைக்கு ஓடுகின்றன. ஒன்பதையும் நானே கூட நின்று கட்டினேன். சாரம் கட்டுகிறவனுக்கே முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவன் நான். வாடகை ஒப்பந்தத்தில் வக்கீல் சொல்லும் வரிகள் எல்லாம் முடிந்த பிறகு என் வரி ஒன்று சேரும்: கொல்லையில் மரம் வைக்கக் கூடாது. வக்கீல் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். அவர் படித்தவர், சிரிக்கலாம். நான் வாடகை வீட்டில் வளர்ந்தவன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் அப்பா மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துவந்தார். ஆட்சி மாறி, குத்தகைக்காரன் பெயரையும் கணக்கில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம். பதிந்துவிட்டால் பிறகு எழுப்ப முடியாதே என்று மிராசுதார் முன்கூட்டியே நிலத்தை விடச் சொன்னார். அப்பா போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் ஜீப் வந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. விவகாரம் வழக்காகி, முடியும்வரை யாரும் ஏர் பூட்டக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

பிழைக்க வேண்டுமே. தஞ்சாவூரில் ஓர் அரிசி மில்லில் அப்பாவுக்கு மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. எந்த ஊர், அங்கே என்ன ஜீவனம் என்று கேட்பார்கள். குத்தகை என்று அப்பா சொன்னதுமே கதவு சாத்திக்கொள்ளும். வயலை விடாதவன் வீட்டை விடுவானா என்ற பயம். கடைசியில் அம்மாவின் தம்பி, என் மாமா, கீழவாசல் பக்கம் ஒரு வீட்டைப் பிடித்தார். ஒரே சுவரில் ஒட்டிக்கொண்ட ஐந்து வீடுகள், ஸ்டோர் என்பார்கள். ஐந்தாவது எங்களுக்கு. முதல் வீட்டில் வீட்டுக்காரர்.

“மச்சான், கேஸைப் பத்தி மூச்சு விடாதீங்க. மில்லுல வேலை, அவ்வளவுதான்” என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்களைச் சொல்லல. இந்த வாய் இருக்கே, அதுதான் எனக்குப் பயம்.”

இரண்டு மாதம் அந்த வாயை மூடியே வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் கிடையாது, விளையாட ஆள் கிடையாது. ஆடிக் காற்றில் மில் வாசலில் முறிந்து கிடந்த முருங்கைக் கிளையில் ஒரு முழம் தறித்து வந்து கொல்லையில் நட்டேன். போத்து என்போம். நான் நட்டது எது பட்டுப்போயிருக்கிறது? புரட்டாசியில் குடைபோலத் தழைத்துவிட்டது.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரர் கிணற்றைப் பார்க்க வந்தவர் போத்தைப் பார்த்து நின்றார்.

“யாரு தம்பி வச்சது?”

“நான்தாங்க.”

“யாரைக் கேட்டு வச்சே?”

எனக்குச் சுருக்கென்றது. “எங்க ஊர்ல நாங்க வச்ச மரத்தை மிராசுதாரே தொட முடியாது. போலீஸ் ஜீப்பே வந்துச்சு. எங்கப்பா வரப்பை விட்டு அசையலையே!” என்றேன்.

மனுஷர் அசந்துபோவார் என்று பார்த்தால், முகம் வெளுத்துப் போய்விட்டது. திரும்பி நடந்தார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்றார். அம்மா பாய் விரித்தாள். உட்காரவில்லை.

“ஏம்ப்பா, திருத்துறைப்பூண்டிப் பக்கம் எனக்கு ரெண்டு வேலி, பதிமூணு ஏக்கருக்கு மேல நிலம். இன்னிக்கு வரப்புல நான் கால் வைக்க முடியல. குத்தகைக்காரங்க முதல்ல வரப்போரம் நாலு வாழை வச்சாங்க. அப்புறம் தென்னை. அப்புறம் இது எங்க அனுபவத்துல இருக்கிற நிலம்னு சொல்லிட்டாங்க. மிச்சம் இந்த அஞ்சு வீடுதான். நாளைக்கே காலி பண்ணிடு.”

அம்மாவுக்கு அது ஒன்பதாம் மாதம். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா என்னை ஓர் அடி கூட அடிக்கவில்லை. நேரே கொல்லைக்குப் போனார். போத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, வேர் அறாமல் பிடுங்கினார். குழியை மூடி மிதித்தார். வேர் வெள்ளை நூல் நூலாகத் தொங்கியது. வாசலுக்கு வந்து வீட்டுச் சாவியை எடுத்து வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார்.

“அந்த வயல் எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்க உழுததுங்கய்யா. இது நீங்க கட்டின வீடு. கேட்டீங்க, இந்தாங்க.”

“எங்க குத்தகைக்காரனும் இப்படித்தான் பேசினான்.”

“வீட்டைப் பத்தியா பேசினாரு, வயலைப் பத்தியா?”

வீட்டுக்காரர் சாவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “பிரசவம் ஆகட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை பிறந்தாள். காலி பண்ணும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. மாதம் பிறந்தால் அப்பா வாடகையோடு சாவியையும் நீட்டுவார். வீட்டுக்காரர் வாடகையை எடுத்துக்கொண்டு சாவியைத் தள்ளிவிடுவார். ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம்.

எனக்கு மட்டும் அப்பா மேல் கோபம் ஆறவில்லை. ஜீப்புக்கு அசையாத மனுஷர், ஒரு கிழவர் அதட்டியதும் என் போத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டாரே என்று.

போத்தைப் பிடுங்கிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே அப்பா அதை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். கூட நானும் போனேன். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, “ஏங்க, உங்க ஊர்ல முருங்கைக்கா பஞ்சம்?” என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பா அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் எடுத்தார்.

வயலில் களை இடுப்பளவு நின்றது. தண்ணீர் ஏறாத களத்து மேட்டில் குழி பறித்துப் போத்தை நட்டார். வாய்க்காலில் துண்டை நனைத்து வந்து பிழிந்தார். மண்ணை அன்று கொல்லையில் மிதித்த மாதிரியே மிதித்தார். அந்தப் பக்கமாக மாடு ஓட்டிப் போன ஒருவரைக் கூப்பிட்டு, “பார்த்துக்கய்யா, நான் வச்சிருக்கேன்” என்றார்.

பட்டணத்துக்குப் போய் அப்பாவுக்குப் பயமும் வந்துவிட்டது, புத்தியும் குழம்பிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் கொல்லைக்குக் கொல்லை முருங்கை.

“நாமதான் இங்க இல்லையே. யாருப்பா காய் பறிப்பாங்க?” என்றேன்.

“மரம் நிக்கட்டும்டா” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் நான் அந்தக் காயைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.