முதலில் எஞ்சினை அணைங்க

இன்று மதியம், சாத்தூர் பெட்ரோல் பங்க். அம்மா வேலை செய்யும் பட்டாசுக் கம்பெனியில் அரை நாளோடு அனுப்பிவிட்டதால் அவரை மொபெட்டில் கூட்டி வந்தேன்.

பங்க் வாசலிலேயே வண்டியை அணைத்துத் தள்ளச் சொன்னார் அம்மா. வெடிமருந்து கலக்கும் அறைப் பக்கம் எஞ்சின் ஓடும் வண்டி எதுவும் வரக் கூடாது என்பது கம்பெனி வழக்கம். அந்தப் பழக்கம் அம்மா எங்கே போனாலும் கூடவே வரும்.

முன்னால் ஒரு பெரிய கார், எஞ்சினை அணைக்காமல், உள்ளே ஏசியோடு. கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, அம்மாவின் கையில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தைப் பார்த்தார்.

"உங்களாலதாம்மா காத்தே கெட்டுப்போச்சு."

புகை குறைய மருந்தை மாற்று என்று கோர்ட் உத்தரவு வந்ததிலிருந்து அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டது.

"அண்ணாச்சி, புகைக்குப் பட்டாசு செய்றவகளைக் கேக்கீக. சரி. எண்ணெய் தோண்டி எடுக்கிறவகளையும் கேளுங்க. தோண்டுற இடத்துலயே வரி போட்டு, அந்தக் காசுல ஊருக்கெல்லாம் சோலார் வைங்க."

"பெட்ரோலுக்குத்தான் நான் வரி கட்டுறேனே."

"எங்க மொபெட்டும்தான் கட்டுது. நான் சொன்னது தோண்டுறவகளை."

"வாய்க்கொழுப்பைப் பாரு," என்றார்.

அப்போதுதான் அம்மா பேசினார். "ஐயா, மொதல்ல எஞ்சினை அணைங்க. இது பெட்ரோல் போடுற இடம்."

பெட்ரோல் போடும் அண்ணனும் அவர் எஞ்சினை அணைக்கும்வரை குழாயைத் தொடவில்லை. ஏசி நின்றது. இரண்டே நிமிடத்தில் அவர் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்தது.

அம்புட்டு வெயிலும் எங்கள் ஊரில் தினமும் வீணாகிறது. அதில் மின்சாரம் எடுக்க வழி சொன்னால் வாய்க்கொழுப்பாம். கொழுப்பு யாருக்கு என்று நீங்களே கீழே கமெண்டில் எழுதுங்கள்.