நானா கடைப் புகை

பழைய குழாய்க்குப் புது அடுப்பைச் சேர்த்துவைப்பதும் கல்யாணத் தரகு மாதிரிதான். பொருந்திவிட்டால் நம்மை மறந்துவிடுவார்கள், பொருந்தாவிட்டால் நம் வாசலில் வந்து நிற்பார்கள். பினாங்கில் இரும்புப் பட்டறை வேலை பார்த்து, இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, என் கதையையும் கேளுங்கள்.

அமுக்கிப் பார்

கடற்கரைப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார் செய்யது நானா. அவர் கடைப் புகையால் பக்கத்து மாடிச் சீனர் காயப்போட்ட வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பாகிக்கொண்டிருந்தது. புகார் போய், சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். "அடுத்த தடவை நான் வரும்போது குழாயில் புகை தெரிந்தால் லைசென்ஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்.

நானா பதறிப்போய், சீமைக்குக் கப்பலேறிய ஒரு நிபோங் திபால் தோட்டத்துத் துரையின் சாமான் ஏலத்தில், புகை குறையும் என்று பெரிய இரும்பு அடுப்பு ஒன்றை எடுத்துவந்தார். ஆறு பேர் சேர்ந்தால்தான் அசையும். அதன் புகைவாயோ அகலம். கூரைக்குப் போகும் பழைய குழாயோ ஒல்லி. குழாயை மாற்றலாம் என்றேன். நானா முகம் சிவந்துவிட்டது.

"அது எங்க வாப்பா வச்ச குழாய், அதுல கை வைக்காதே தம்பி. வேணும்னா அடுப்பைக் கொஞ்சம் அமுக்கிப் பாரு லா!"

குழம்பின் நிறம்

வார்ப்பிரும்பை அமுக்குகிற கை எனக்கு வாய்க்கவில்லை. ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாகத் தகரத்தில் ஒரு துண்டு அடித்து, இரண்டுக்கும் நடுவே மாட்டுவதாக முடிவு செய்தேன். அதற்கு முன் குழாயில் படிந்திருந்த கரியை இறக்க வேண்டும். பழைய அடுப்பைக் கழற்றியாயிற்று, குழாயின் கீழ்வாய் திறந்து கிடக்கிறது, கீழே யாரும் எதையும் வைக்காதீர்கள் என்று கத்திவிட்டுத்தான் கூரை ஏறித் தட்டினேன்.

இறங்கிப் பார்த்தால், குழாய்க்கு நேர் கீழே மீன்குழம்புச் சட்டி. சமையல்காரர் காதர் அண்ணன் அதைப் பத்திரமாக அங்கே இறக்கி வைத்திருக்கிறார், அதுவும் மூடாமல்! வாப்பா காலத்துக் கரி முழுவதும் அதற்குள் இறங்கியிருந்தது. மத்தியானம் பயந்துகொண்டே, சட்டியைக் கொட்டிவிட்டீர்களா அண்ணே என்று கேட்டேன்.

"எதுக்குக் கொட்டணும்? இன்னிக்குக் குழம்பு நல்லா சுண்டியிருக்குன்னு ரெண்டு பேரு மறுபடி கேட்டு ஊத்திக்கிட்டாங்க!"

துக்கம் விசாரிக்க வந்தவர்

அடுப்பு மாட்டியாயிற்று. பொருத்தில் களிமண்ணும் சாம்பலும் பிசைந்து அடைத்தேன். காய்ந்த விறகைப் போட்டுப் பற்றவைத்தால், தெருவில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் குழாயில் புகை தெரியவில்லை. நானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். நானாவின் காலை வியாபாரமே தொங்கான் படகுகளில் சரக்கு இறக்குகிற ஆட்கள்தான். அக்கரையில் பட்டர்வொர்த் பக்கமிருந்து வருகிறவர்கள் தண்ணீரிலிருந்தே கூரைகளுக்கு மேல் பார்ப்பார்களாம். புகை தெரிந்தால் ரொட்டி தயார். தெரியாததால் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். நானாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையை மூடினால் ஊருக்கு எந்த முகத்தோடு கப்பலேறுவது என்று புலம்பினார். அந்த நேரம் பார்த்து, தொங்கான் ஓட்டும் தண்டல் ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, நானா எப்போது மௌத்தானார் என்று நானாவிடமே கேட்டார். நானா நெஞ்சில் அடித்துக்கொண்டு, நான்தான் இதோ நிற்கிறேனே என்றார்.

"உசுரோட இருக்கிறவரு புகை போட வேணாமா நானா?"

பசியாறுதல்

புகை வந்தால் லைசென்ஸ் போகும். வராவிட்டால் கடை போகும். கூரையில் ஒரு கொடி கட்டலாமே என்றேன். கள்ளுக்கடை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று நானா அடிக்கவே வந்துவிட்டார். கடைசியில், புகை வராமல் அடுப்பு மாட்டிய இதே கையால் புகை வரவழைக்கவும் நானே வழி சொன்னேன்: விடியும்போது மட்டும் ஈரத் தேங்காய்மட்டையைப் போடுங்கள், இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

முதல் நாளே கடை நிரம்பி, வெளியே அஞ்சடி நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். மட்டையை எடுக்க மறந்துபோனோம். குழாயில் கருகருவென்று புகை போய்க்கொண்டிருக்க, வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். இன்ஸ்பெக்டர் அண்ணாந்து புகையைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, மூலை நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி கேட்டார்.

"ரெண்டு நாளா இந்தப் பக்கம் வந்துட்டுப் பசியாறாமலே திரும்பிட்டேன் நானா. புகையைக் காணோம், கடை இல்லைன்னு நினைச்சேன்" என்றவர், குழம்பை வழித்து முடித்துக் கையைக் கழுவிய பிறகுதான் உத்தியோகம் நினைவுக்கு வந்தவராக முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஆமா, அந்தப் புகையை எப்ப நிறுத்தப் போறீங்க?"

"நீங்க பசியாறிட்டுக் கிளம்பின உடனே நிறுத்திடுறேன் ஐயா!"

லைசென்ஸ் பிழைத்தது, அன்றிலிருந்து நான் எந்தக் கடைக்கு அடுப்பு மாட்டப் போனாலும், குழாயின் வாயை அளப்பதற்கு முன்னால் அந்தக் கடைப் புகையைப் பார்த்துப் பசியாற வருகிற அதிகாரி யார் என்று விசாரித்துக்கொள்கிறேன்.