தோளில் இரண்டு தட்டு

இதை நம்பாதவர்கள் வெள்ளிமலைப் பக்கம் போய்க் கமலாவிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, அவள் பின்னால் நின்று கூப்பிடாதீர்கள். முன்னால் போய் நின்று கேளுங்கள்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்பே அந்த மலையூரில் வெள்ள ஒத்திகை நடந்தது. ஓடையில் தண்ணீர் ஏறினால் அத்தனை பேரும் ஓடையைக் கடந்து, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடக் கரைக்குப் போய்விட வேண்டும். வலக்கையால் ஓடைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடி. இடக்கையை முன்னால் போகிறவர் தோளில் வை. திரும்பிப் பார்க்காதே, கால் வழுக்கும். கடைசி ஆள் கரையேறியதும் முன்னால் இருப்பவர் தோளில் இரண்டு தட்டு. அது தோள் மாறித் தோள் மாறி வரிசையின் முன்னே போய்ச் சேரும். மழை இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கப் போகிறது? கமலாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசி ஆளாக நானே வருகிறேன் என்று வீம்பாகப் பெயர் கொடுத்தாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. சாயங்காலம் நாலு நாற்பதுக்கே இருட்டிவிட்டது. ஊரே ஓடைக்கு இறங்கியபோது, கமலாவின் புருஷன் காசிநாதன் மட்டும் நின்றுவிட்டான்.

“ஆடுங்கள அவுத்து வுட்டுட்டு வந்துர்றேன். நீ போய்க்கினே இரு.”

“இப்ப இன்னாத்துக்கு ஆடு?”

“பின்னாலயே வர்றேன் புள்ள.”

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? மகள் அபிநயாவை முன்னால் விட்டு, கமலா கடைசியாகத் தண்ணீரில் இறங்கினாள். இருப்பது ஒரே கயிறு. இந்த ஊர் ஜனம் கடந்ததும் அதைக் கீழ் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஊர்ப்பக்கத்து மரத்தைச் சுற்றி வந்த கயிறு அது. பள்ளிக்கூடக் கரையில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் கைக்கு வந்துவிடும். தட்டு வந்ததும் அவிழ்க்கத் தயாராக முடிச்சுக்குப் பக்கத்தில், கயிற்றுக்குப் பொறுப்பான செழியன் நின்றான். காசிநாதன் வந்து சேராமல் தட்டு கொடுப்பதில்லை என்று கமலா மனதில் முடிவு செய்துகொண்டாள்.

பாதி ஓடை.

தோளில் ஒரு கை விழுந்தது.

அப்பாடா... வந்துவிட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னாங்க, வந்துட்டீங்களா?”

கை மட்டும் அழுத்தியது. கனமாக.

தண்ணீர் மார்புக்கு ஏறியது. கயிறு விர்ர்ர்... என்று அதிர்ந்தது.

காசிநாதன் பீடிக்காரன். நாலடி நடந்தால் இரைக்கும். அவள் காதோரம் மூச்சுச் சத்தமே இல்லை.

திரும்பக் கூடாது.

கரை. சேறு. அபிநயா ஏறினாள். கமலா ஏறினாள்.

டப்... டப்...

பின்னாலிருந்து அவள் தோளில் இரண்டு தட்டு. கமலா மகளின் தோளில் தட்டினாள். தட்டு முன்னே ஓடியது. செழியன் முடிச்சை அவிழ்த்தான்.

அப்போதுதான் உறைத்தது.

தோளை அழுத்தியது ஐந்து விரல்.

காசிநாதனுக்கு இடக்கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் தீவனம் வெட்டும் மெஷினில் போய்விட்டன.

திரும்பினாள்.

யாருமில்லை...

அவள் போட்ட அலறலில் செழியன் ஓடிவந்து இழுத்துப் பிடித்தான். இல்லையென்றால் தண்ணீரில் குதித்திருப்பாள்.

விடிந்து வெள்ளம் வடிந்த பிறகு, ஓடையின் கீழே பாறை இடுக்கில் காசிநாதன் கிடைத்தான். உயிர் இருந்தது. கால் முறிந்திருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வாய் திறந்ததும் கமலாவைத்தான் கேட்டான்.

“நான் தண்ணியில இருக்கசொல்லவே எதுக்குத் தட்டு குடுத்த?”

“நீங்க எப்ப தண்ணியில எறங்கனீங்க?”

“இன்னா இப்டி கேக்குற? கயித்தப் புடிச்சிக்கினு, உன் தோள்மேல கை வெச்சிக்கினுதான வந்தேன். பாதியில நீதான் கைய உதறிட்டு முன்னால போயிட்ட. அப்பால கயிறே கைய வுட்டுப் போச்சி.”

கமலா மெதுவாகச் சொன்னாள்.

“என் தோள்ல உங்க கை படவே இல்ல. அது நானில்லங்க.”

காசிநாதன் அவளையே பார்த்தான். பிறகு தன் இடக்கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

“அதான்... அந்த மழையிலயும் எனக்கு முன்னால போனவ துணி காஞ்சே இருந்துச்சி.”