புளியரை ஏற்றத்தில் மஞ்சள் விளக்கு

காலை பத்து மணி, பாவூர்சத்திரம் சந்தை. சேனையும் வெள்ளரிக்காயும் தடியங்காய் எனும் வெள்ளைப்பூசணியும் ஏற்றிய மினி லாரியில் மதுரையிலிருந்து வந்திருந்த எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. மறுநாள் புனலூரில் ஒரு கல்யாணம். அங்கே முந்தின சாயங்காலமே அக்கம்பக்கத்தார் கூடிக் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். இருட்டுவதற்குள் காய் போய்ச் சேராவிட்டால் விருந்து நாறிவிடும். தூரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் புளியரை மலையேற்றம்.

வண்டி மைதீன் பாயுடையது, ஓட்டுவதும் அவரே. சவுதியில் பிக்கப் ஓட்டித் திரும்பியவர். அங்கே பிடித்த ஆசையில், டர்போவைக் கூடுதலாக ஊதவைக்கும் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி இன்ஜினில் மாட்டியிருந்தார். டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும்; எவ்வளவு காற்று என்று ஒரு சென்சார் அளந்து சொல்லும். பெட்டி நடுவில் புகுந்து, காற்று குறைவு என்று இன்ஜினுக்குச் சொல்லிவிடும். டர்போ இன்னும் ஊதும், வண்டி இன்னும் இழுக்கும். எல்லாம் பாய் சொன்னதுதான். எனக்குப் பாதிதான் ஏறியது.

“அப்ப பெட்டி பொய் சொல்லுதா?”

“பொய்யில்ல அண்ணாச்சி. பொண்ணு பாக்கப் போனா சம்பளத்தக் கூட்டிச் சொல்லுவோம்லா, இது குறைச்சுச் சொல்லுது. அவ்வளவுதான்.”

தென்காசியைத் தாண்டியதும் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பாய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அணைந்தது.

“சென்சார் கணக்கு ஒத்துவரலன்னு அழுவுது. இந்த சீசன்ல ரெண்டு சென்சார் மாத்தியாச்சு. எதுக்குச் சாவுதுன்னு பிடிபடல.”

பகல் பன்னிரண்டு, குற்றாலம். சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. எண்ணெய் தேய்க்கும் கொட்டகைப் பக்கம் பாய் வண்டியை ஒதுக்கினார். அங்கே தேய்க்கும் சுடலை, அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

“ஏலே சுடலை, லைட்டு எரியுதுலே.”

“சளி பிடிச்சிருக்கும். திறலே.”

சுடலை இன்ஜின் மூடியைத் திறந்து, விரல் நீளச் சென்சாரைப் பிடுங்கி, தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து மாட்டினார். நான் முழித்தேன்.

“அருவியில குளிக்கவன் எண்ணெய் தேய்ச்சா ஈரம் ஏறாதுல்லா? இதுக்கும் அப்படித்தான். சாரல் விழுந்ததுல இருந்து வாராவாரம் தேய்க்குதேன்” என்றார். கேட்கும்போது சரியாகத்தான் பட்டது.

மதியம் இரண்டரை, புளியரை. இரண்டாவது வளைவில் விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை காலை எடுத்தும் அணையவில்லை. வண்டிக்கு உயிர் போன மாதிரி இழுவை நின்றது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பத்தடி நகர்ந்து மறுபடி படுத்தது. பின்னால் வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்து, “பாய், ரெண்டு மாட்டப் பூட்டிருவமா?” என்று கேட்டுவிட்டுக் கடந்து போனார்.

கல்யாணப் பெண்ணின் அப்பா போனில் மலையாளத்தில் அவசரப்படுத்தினார். “மைதீனே, எவிடெயாணு? இவிடெ எல்லாரும் கத்தியும் பிடிச்சு இரிக்குன்னு!”

“இந்தா வந்துட்டேன் சேட்டா” என்றார் பாய், மழையில் நின்றுகொண்டு.

சென்சாரைக் கழற்றினோம். எண்ணெயும் கரியும் குழைந்து, நுனியில் கறுப்பு அல்வா. பாய் அதை விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து சென்சார் கழுவும் ஸ்ப்ரே ஒன்றை எடுத்தார். முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கியது, மூடிகூடத் திறக்கவில்லை. “சுடலை எண்ணெய் இருக்கும்போது இது எதுக்குன்னு வச்சிருந்தேன்” என்றார். அடித்து, நான் குடை பிடிக்க, காயவைத்து மாட்டினார். அதே அவசரத்தில் பெட்டியையும் பிடுங்கி என் மடியில் போட்டார்.

வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறியது. விளக்கு எரியவில்லை. ஆரியங்காவு, தென்மலை. புனலூர் பந்தலில் விளக்குப் போடும் நேரத்துக்குச் சேர்ந்தோம். தடியங்காயை இறக்குவதற்குள் ஒரு சேச்சி அதை என் கையிலிருந்து வாங்கிக் கத்தியை இறக்கிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், மீண்டும் குற்றாலம், சுடலையின் கொட்டகை. நான் கேட்டேன்: “எண்ணெயத் துடைச்சதுல சரியாச்சா, பெட்டியக் கழட்டுனதுல சரியாச்சா?”

பாயின் முகம் மாறியது. “ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சிட்டமே!”

“பெட்டிதான்லே. என் எண்ணெய் என்ன செய்யும்?” என்றார் சுடலை.

“அல்வா கிண்டிட்டுப் பேச்சப் பாரு! எண்ணெய்தான்.”

ஒரு டீக்கு நேரம் வாதம் நடந்தது. இருவர் சொன்னதற்கும் தலையாட்டினேன். கடைசியில் பாய் சட்டையைக் கழற்றிப் பலகையில் குப்புறப் படுத்தார். “இனி எனக்குத் தேயி. வண்டிக்கு வேண்டாம்.” படுத்தவாக்கில் என்னிடம், “பெட்டிய நீங்க கொண்டு போயிருங்க அண்ணாச்சி. கையில இருந்தா மாட்டிருவேன்.”

இப்போது அது மதுரையில், என் வீட்டு டிவி மேல் இருக்கிறது. இங்கே மேடு என்று ரயில்வே பாலத்தைத்தான் சொல்ல வேண்டும். அதை ஏற என் ஸ்கூட்டருக்கு யாரும் பொய் சொல்லித் தர வேண்டியதில்லை. நேற்று பாய் கூப்பிட்டார்.

“லைட்டே எரியல அண்ணாச்சி. சென்சார் புதுசு மாதிரி இருக்கு.”

“நல்லதுதானே பாய்?”

“நல்லதுதான். ஆனா புளியரையில எல்லாவனும் என்னைத் தாண்டிப் போறான். அந்தப் பெட்டிய தென்காசி பஸ்ல போட்டு விடுங்களேன்.”

பெட்டியைக் காகிதத்தில் சுற்றிவிட்டேன். பேருந்து நிலையத்துக்குத்தான் இன்னும் போகவில்லை.