பஸ்ரியன் அண்ணையின் ஓர் அங்குல ஊசி

பஸ்ரியன் அண்ணை எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டார். இருமல் மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிளாஸ்டரை என் முன்னாலேயே ஒட்டி இழுப்பார். தலைமன்னார் பியர் துறையில் முப்பது வருடமாகத் தூண்டில் தொழில். ஒரு தூண்டில் முள்ளையும் அவர் சும்மா நூலில் கட்டியதில்லை. இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுப்பார். வழுக்கினால் எறிவார், கீறினால் கட்டுவார். அந்த நகம் முழுக்க வெள்ளைக் கீறல்கள். மன்னார் பசாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான் அந்த நகத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன பயன்?

அவருக்குக் காசநோய் வந்து மாறியது. ஆனால் போகிற போக்கில், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகளைத் தின்றுவிட்டுப் போனது. அவை சுரந்ததை இனி ஒவ்வொரு நாளும் குளிசையாக விழுங்க வேண்டும். வாந்தி எடுத்தால் குளிசை வயிற்றில் தங்காது. அப்போது தொடைச் சதையில் தானே ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், சுணங்கினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தனியே கடலுக்குப் போகிற மனிதர். போவதை அவர் நிறுத்தவுமில்லை.

டொக்டர் எழுதிய துண்டோடு என்னிடம் வந்தார்.

"தம்பி பவ்ஸான், ஆக மெல்லிசா, ஆகக் கட்டையா ஒண்டு தாங்கோ. நுளம்பு கடிச்ச மாதிரி இருந்தாக் காணும்."

"அது சீனி வருத்தக்காரற்றை ஊசி அண்ணை. தோலோடை நிண்டுடும். உங்கடை மருந்து சதைக்குள்ளை இறங்கோணும்."

நீல அடி வைத்த ஊசியை எடுத்துக் காட்டினேன். ஓர் அங்குலம். அவர் முகம் கப்பல் கவிழ்ந்தது போலானது.

"இதென்ன, சுறாவுக்குப் போடுறதோ?"

"மீசை வைச்ச ஆம்பிளை, ஒரு அங்குலத்துக்குப் பயப்பிடுறியளோ? இலக்கத்தைப் பாருங்கோ, இருபத்திமூண்டு. உங்கடை முள்ளு மாதிரித்தான், இலக்கம் கூடக் கூட மெல்லிசு."

அது அவருக்கு உடனே பிடிபட்டது. ஒரு தோடம்பழத்தில் குத்திக் காட்டினேன். நேராகப் பிடிக்க வேண்டும், தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதி. என்னைவிட அவர் நன்றாகக் குத்தினார். மூன்று ஊசி, இரண்டு சிரிஞ்ச், மருந்துத் தூள் அடைத்த குப்பி, அதைக் கரைக்கும் தண்ணீர்க் குப்பி எல்லாவற்றையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். நீளத்தைப் பற்றியும் தடிப்பைப் பற்றியும் வாய் கிழியப் பேசினேன். தேவை வரும்வரை ஊசிப் பக்கற்றைப் பிரிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்தேன். என் படிப்பில் நெருப்பை வைக்க.

ஒரு மாதம் கழித்து, கச்சான் காற்று பசார் முழுக்க மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அவர் மனைவி மக்டலின் அக்கா குளிசை வாங்க வந்தார்.

"அண்ணை எங்கை?"

"விடியவே கடலுக்குப் போட்டார். ராவு ரெண்டு தரம் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தவர். போகாதையுங்கோ எண்டா, பெட்டி இருக்குத்தானே எண்டுறார்."

"பெட்டி கவனமா இருக்கோ?"

அக்கா பெருமையாகச் சிரித்தார். "இருக்காமலோ? வாங்கின அண்டைக்கே மூண்டு ஊசியையும் பிரிச்சு நகத்திலை வைச்சுப் பாத்தவர். நல்ல கூராம். பிறகு கடல் தண்ணியிலை அலசி, மூடியைப் போட்டு வைச்சவர். உப்புத்தண்ணியிலை கிருமி நிக்காதாம்."

ஊசிக்குள் இருப்பது மயிர் போன்ற துவாரம். அதற்குள் கடல் தண்ணீர் காய்ந்து ஒரு மாதம். ஊசி கூராகத்தான் இருக்கும், உள்ளே உப்பு அடைத்திருக்கும்.

அண்ணைக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே கடலில் கொஞ்சத் தூரம் போனாலே போன் இந்தியச் சிக்னலுக்குத் தாவிவிடும். ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஐந்து தரம் எடுத்தேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் தொழில் செய்யும் றொட்னிக்கு எடுத்தேன். அவன் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தான். உடனே படகை எடுத்து அவரைத் தேடச் சொல்லிவிட்டு, மூன்று புதிய ஊசிகளையும் மருந்தையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அக்காவை ஓட்டோவில் ஏற்றினேன்.

"என்ன தம்பி, ஏன் கடையைப் பூட்டுறியள்?"

"ஒண்டுமில்லை அக்கா."

பொய் சொன்னேன். பியர் வரைக்கும் அவர் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தார். நான் அந்த மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் ஒரு மணிக்கு றொட்னி அண்ணையின் படகைக் கட்டி இழுத்து வந்தான். பஸ்ரியன் அண்ணை எஞ்சினில் சாய்ந்திருந்தார், தாடை நெஞ்சில் விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துபோயிருந்தார்.

பெட்டி அவர் மடியில் திறந்திருந்தது. தண்ணீர்க் குப்பியின் கழுத்தை உடைத்திருந்தார். மருந்துத் தூள் தூளாகவே இருந்தது, ஒரு துளி தண்ணீர் அதற்குள் போகவில்லை. மூன்று ஊசிகளும் மூடி கழன்று பலகையில் கிடந்தன. மூன்றையும் சிரிஞ்சில் மாற்றி மாற்றிப் போட்டு உறிஞ்சிப் பார்த்திருக்கிறார்.

மக்டலின் அக்கா அழவில்லை. ஒரு ஊசியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, ஊசி நீளம் போதாமப் போச்சோ?"

என் பைக்குள் இருந்த பக்கற்றுகளைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"இல்லை அக்கா. நீளம் சரி."