குலவை இல்லாமல் பொங்கிய பானை

எங்கள் தாராவிச் சந்தில் குலவைக்கு நான்தான் முதல் குரல். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் நான் நாக்கைச் சுழற்றிய பிறகுதான் மற்றவர்கள் தொடங்குவார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்குப் படிப்பு கிடையாது, எழுத்துக் கூட்டி வாசிக்கவே அரைநாள் ஆகும். ஆனால் என் குலவை மாஹிம் ஸ்டேஷன் வரை கேட்கும் என்பார்கள்.

எங்கள் சந்தில் தோல் பட்டறை வைத்திருந்தவர் தண்ணீர்க் குழாயின் சாவியைக் கையில் வாங்கிய அன்றைக்கும் நான்தான் குலவையிட்டேன்.

அதற்கு முன்னால் தண்ணீர் வரும் நேரம் எங்களுக்குச் சண்டை நேரம். இருப்பது ஒரே குழாய். குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்தான் குழாயைச் சுற்றிப் பெட்டியடித்துப் பூட்டினார், வரிசையை எழுதி ஒட்டினார். மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. மாலை போட்டோம்.

பிறகு திருடனைப் பிடிக்க என்று காமிரா வைத்தார். நல்லதுதானே என்றோம். பிறகு போனில் ஒரு குரூப். யார் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று அதில் வரும். ஆசையாகத்தான் கேட்டோம், அடுத்த வீட்டுக் கதையல்லவா. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவர்களின் பெயர் மறுநாள் வரிசையில் கீழே இறங்கியிருக்கும். அடி கிடையாது, வசவு கிடையாது. கூப்பிட்டு டீ கூட வாங்கிக் கொடுப்பார்.

என் எதிர்வீட்டுக்காரி இட்லி அவித்து விற்கிறவள். புருஷன் இல்லை. ஒருநாள் குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, சாவி வாரத்துக்கு ஒரு வீட்டுல இருந்தா என்னவாம்? நாங்க என்ன குழாயத் தின்னுட்டா போயிருவோம்?"

"இவகிட்ட குடுத்தா இட்லிக் கொப்பரைக்குள்ள போட்டு அவிச்சிருவா," என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

"கேக்கதுல தப்பில்ல தங்கச்சி," என்றார்.

மறுநாள் அவள் கடைசி ஆள். அவள் முறை வரும்போது குழாய் காற்றைத்தான் துப்பியது. தண்ணீர் இல்லையென்றால் அரிசி ஊறாது, மாவு கிடையாது, பிழைப்பு கிடையாது. நான் ஒரு குடம் கொடுத்தேன், காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு நாள். மூன்றாம் நாள், "ஏட்டி, இடுப்பு வலிக்கு," என்று சொல்லிவிட்டேன். வலிக்கவில்லை.

பொங்கல் வந்தது. ரோட்டில் வரிசையாக அடுப்புக் கூட்டி எல்லா வீடும் ஒன்றாகப் பொங்குவது எங்கள் வழக்கம். எந்தப் பானை பொங்கினாலும் எல்லோரும் குலவையிட வேண்டும், சண்டைக்காரி பானையானாலும் சரி. குலவை இல்லையென்றால் அந்த வீடு எங்களோடு இல்லை என்று அர்த்தம். அவள் மாஹிமில் யாரிடமோ கெஞ்சித் தண்ணீர் வாங்கிவந்து, என் பக்கத்தில் பானை வைத்தாள்.

அவள் பானைதான் முதலில் பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டி வடிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

என் நாக்கு எழவில்லை.

நுரை நெருப்பில் விழுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அவளே தன் பானைக்குக் குலவையிட்டாள். ஒற்றைக் குரல், பாதியில் நின்றது.

சாயங்காலம் பட்டறைக்கே போய்க் கேட்டேன்.

"தம்பி, அவ பானைக்குக் குலவை போடக்கூடாதுன்னு யாருகிட்டயும் சொன்னீயளா?"

"நான் ஏன் ஆச்சி சொல்லப்போறேன்?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்கல்லா போடல. நீங்க போட்டிருந்தா எல்லாரும் போட்டிருப்பாவ. நானும் கைதட்டியிருப்பேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. யாரும் சொல்லாமலே செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை வரிசையில் முதல் பெயர் என்னுடையது. கூப்பிட்டார்கள், போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். குடத்தை வீட்டில் இறக்கிய பிறகுதான் எதற்கான முதலிடம் என்று உறைத்தது. அப்படியே தூக்கிக்கொண்டு, காமிராவுக்கு முகத்தைக் காட்டியபடியே எதிர்வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. விடியுமுன்னே கிரைண்டரோடு தாணேக்குப் போய்விட்டாளாம். குரூப்பில் வந்திருந்ததாம்.

அதற்குப் பிறகு சந்தில் இரண்டு கல்யாணம் நடந்துவிட்டது. வேறு யாராவது தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.