லெஸ் ஹார்கனின் பற்கள்

லெஸ் ஹார்கனும் நானும் ஆஸ்திரேலியாவின் ஹார்ஷம் ரயில் பாதையில், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைகளை மாற்றும் கும்பலில் ஒன்றாக வேலை பார்த்தோம். சாப்பாட்டு நேரத்தில் லெஸ் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்குவான். வாயெல்லாம் சொத்தை.

"லெஸ்ஸு, கொட்டாவி விடப்போறன்னா முன்னாடியே சொல்லிடுப்பா. ஈயெல்லாம் செத்து விழுது!" என்று கிண்டல் செய்வோம். அவனும் சிரிப்பான். ஆனால் பல் டாக்டரிடம் மட்டும் போகமாட்டான். கன்னம் வீங்கினால் விஸ்கியில் பஞ்சை நனைத்துக் கடித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவான்.

ஐம்பது வயது தாண்டியதும் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் மூச்சிரைத்துத் தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஈறிலிருந்த கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வை அரித்துவிட்டதாம். மெல்போர்னில் வால்வை மாற்றவேண்டும். அதற்கு முன் எல்லாப் பற்களையும் பிடுங்கியாகவேண்டும் என்றார்கள்.

அப்போதுதான் மனைவி பெரிலிடமே வாயைத் திறந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அநாதை விடுதில எனக்கு ஏழு வயசு. பல்லு புடுங்க ரெண்டு வார்டனுங்க கையப் புடிச்சிக்கிட்டானுங்க, இன்னொருத்தன் நெஞ்சு மேல உக்காந்தான். மரத்துப்போற ஊசியெல்லாம் கெடையாது. அழுதா நல்ல பல்லும் போகும்னான் பல்லு டாக்டரு. நான் அழுதேன்."

"இப்ப மயக்கம் குடுத்துத்தானே பண்றாங்க, கண்ணு. உனக்கு ஒண்ணுமே தெரியாது."

"புத்திக்குத் தெரியுது பெரில். ஒடம்பு கேக்கமாட்டேங்குது."

ஆனாலும் ஒப்புக்கொண்டு மெல்போர்ன் ஆஸ்பத்திரிக்குப் போனான், துணைக்கு நானும். மயக்கம் கொடுக்கும் நேரத்தில் அவன் நெளிய, ஓர் ஊழியர் ஆறுதலாகத் தோளைப் பிடித்தாராம். அவ்வளவுதான். கையில் ஏற்றியிருந்த ஊசிக்குழாயைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினான். டிராம் நிறுத்தத்தில் ஆஸ்பத்திரி உடுப்போடு, சிறுநீரில் நனைந்து நின்றவனை நான்தான் கண்டேன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருடா" என்றான்.

டாக்டர் திட்டவில்லை, வேறு நாள் கொடுத்தார். அன்று கிளம்புமுன் வீட்டிலேயே போட்டுக்கொள்ளத் தூக்க மாத்திரையும் தந்தார். அந்த நாள் வருமுன்பே, விடிகாலையில் கழிவறைக்குப் போனவன் கதவோரம் விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

பெரிலுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. விடுதிக்காரர்கள் மீதல்ல, அவன் மீது. நான் எப்போது போனாலும் கேட்கிறாள்: "கொஞ்ச நேரம் எனக்காகப் படுத்திருக்க முடியலையா அவனால?"

அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுப்பேன்.